தன் கல்லறைக்கு வைத்த பால்

லம்பிஸ் ஊர் திரும்பியபோது அவனை முதலில் வரவேற்றது அவனுடைய கல்லறைதான். ஊர் வாசலுக்கு வெளியே, அத்திமரத்தடியில், புதுக் கல். எழுத்துக் கூட்டிப் படித்தான். அவன் பேர்தான். அப்பன் பேரையும் தப்பில்லாமல் வெட்டியிருந்தார்கள்.

கப்பலில் துடுப்பு வலிக்கிறவன் அவன். சிசிலியைப் பிடிக்கப் போகிறோம், ஆள் அனுப்புங்கள் என்று ஏதென்ஸ்காரர்கள் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஜோராகத் தலையாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். போனது லம்பிஸ், அவன் கூட்டாளி எர்கினோஸ் மாதிரி ஆட்கள். படை தோற்றது. பிடிபட்டவர்களை அங்கே சிராக்கூஸ் நகரத்துக் கல்குழிகளில் தள்ளினார்கள். வெயிலிலும் பனியிலும் கிடந்து ஒருத்தர் பாக்கியில்லாமல் செத்தார்கள் என்று சேதி வந்தது. லம்பிஸின் மனைவி அர்கீயா கூந்தலை வெட்டிக்கொண்டு, வெறும் குழிக்கு எல்லாச் சடங்கும் குறைவில்லாமல் செய்துவிட்டாள். லம்பிஸ் கல்குழியிலிருந்து எப்படியோ தப்பி உயிரோடு வந்தபோது அதுதான் வினையாகப் போயிற்று.

சடங்கு முடிந்தவன் பாதாள தேவனுக்குச் சொந்தம். மூச்சு இருந்தாலும் அவன் கோயில் படி மிதிக்கக் கூடாது, வீட்டு அடுப்பை அண்டக் கூடாது. தொட்டவருக்கும் தீட்டு. அவனைப் பார்த்து ஓடிவந்த அர்கீயாவை அவள் அண்ணன் பிடித்து இழுத்தான்.

"வீட்டுல கைக்குழந்தை இருக்கு, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

அவன் அத்திமரத்தடியிலேயே தங்கினான். சாயங்காலமானால் அர்கீயா கல்லறைக்குப் பாலும் தேன் அப்பமும் கொண்டுவந்து வைப்பாள். அவன் பக்கம் திரும்பமாட்டாள். அவள் போனதும் எடுத்துச் சாப்பிடுவான். எங்கள் ஊர் நியாயத்தைப் பாருங்கள்! உயிரோடு இருப்பவனுக்கு ஒரு வாய் கொடுத்தால் தீட்டாம், செத்தவனுக்கு வைத்தால் புண்ணியமாம்.

"என்னப்பா லம்பிஸ், பாதாள ராணி சௌக்கியமா?" என்று போகிறவர்கள் எட்டி நின்று கேட்பார்கள்.

"உன்னைத்தான் விசாரிச்சா, சீக்கிரம் வரச் சொன்னா" என்பான். அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்காகவே நாளெல்லாம் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பான், பாவி மனுஷன்.

எர்கினோஸின் தாய் மிர்த்தோவும் ஒருநாள் வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து, ஒற்றை மகனோடு இருந்தவள். மகனுக்கு மட்டும் அவள் கல் நடவில்லை.

"என் பையன் எங்கடா?"

"என் மடியிலதான் உசிரு விட்டான், அத்தை. தண்ணி தண்ணின்னு கேட்டான். ஒரு சொட்டு இல்ல."

"புதைச்சியா?"

"அத்தனையும் பாறை அத்தை. கைப்பிடி மண்ணு கிடைக்கல."

வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

இவனை என்ன செய்வது என்று பூசாரி தெல்பிக் கோயிலுக்கு ஆள் அனுப்பி அருள்வாக்குக் கேட்டார். அவன் மறுபடி பிறக்கவேண்டும் என்று வந்தது. ஒருத்தி அவனைக் குளிப்பாட்டி, பச்சைப்பிள்ளையாகத் துணியில் சுற்றி, மாரில் அணைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிள்ளை பதில் கொடுத்தால் பிறந்தான். கொடுக்காவிட்டால் செத்தவன் செத்தவன்தான்.

யார் பெற்றுக்கொள்வது? அவன் தாய் எப்போதோ போய்விட்டாள். "நான் பெத்துட்டா அவரு எனக்கு மகன் ஆயிடுவாரே, அப்புறம் எப்படிப் புருஷன்?" என்று அர்கீயா அழுதாள். மற்ற பெண்கள், "பிணத்துக்குப் பால் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?" என்று கதவைச் சாத்தினார்கள். பனிக்காலம் வந்தது. அவன் இருமத் தொடங்கினான்.

மிர்த்தோ திரும்பி வந்தாள்.

"எழுந்திருடா. நான் பெத்துக்கறேன்."

அவள் வீட்டு முற்றத்தில் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். கையைக் காலை அசைக்கமுடியாமல் துணியால் சுற்றினாள். "ஐயே, பாப்பாவுக்கு தாடியைப் பாரேன்!" என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் அவன் தலையைத் தன் வற்றின மாரோடு அணைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கல்குழிக்குப் பிறகு அவனை ஒரு மனுஷக் கை தொடுவது இதுதான் முதல் தடவை.

"பேர் சொல்லிக் கூப்பிடும்மா" என்றார் பூசாரி.

"எர்கினோஸ்."

கூட்டம் திகைத்தது. "இவன் லம்பிஸ் ஆச்சே!" என்றார் பூசாரி.

"அந்தப் பேருக்குத்தான் கல்லு நட்டாச்சே. நான் பெத்தது எர்கினோஸை."

துணிக்குள் கிடந்தவன் வாசலைப் பார்த்தான். அங்கே அர்கீயா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்றால் வீடு உண்டு, அதில் லம்பிஸ் இல்லை. இல்லை என்றால் அத்திமரம்.

மிர்த்தோ குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"டேய் எர்கினோஸு, தண்ணி வேணுமாடா?"



"வேணும்மா" என்றான்.

அர்கீயா பிறகு அவனை மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டாள். கிழவியைக் கடைசிவரை அவன்தான் வைத்துக் காப்பாற்றினான். லம்பிஸ் என்று அதற்கப்புறம் யாரும் அவனைக் கூப்பிடவில்லை, தனியாக இருக்கும்போது அர்கீயாவும்கூட. நினைவு நாட்களில் இரண்டு பேரும் அத்திமரத்தடிக்குப் போவார்கள். அவள் கல்லுக்குப் பால் வைத்துவிட்டு அழுவாள். அவன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பாலைக் குடிக்க இப்போது ஆள் இல்லை.