குறுக்கே நின்றவள்

ஸ்குவாஷ் ஆடுகிறவர்கள் மத்தியில் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். கையையும் காலையும் பரத்திக்கொண்டு தாவுகிற தாவலைப் பார்த்து அப்படி வைத்தவள் பல்லி. பந்தைப் பக்கச் சுவரோடு ஒட்டியே அடிப்பதால் அவள் பல்லி. சிறுவயதில் ஒரே மன்றத்தில் சேர்ந்தவர்கள். போட்டிகளுக்குப் போன ஊர்களில் ஒரே அறை, ஒரே கட்டில். ஒருத்தியின் காலுறை காயாவிட்டால் மற்றவளுடையதை மாட்டிக்கொண்டு ஆடுவாள்.

பெரிய போட்டியொன்றின் அரையிறுதியில் இருவரும் மோத வேண்டி வந்தது. நான்கு சுவருக்குள் தோளுரச ஆடுகிற ஆட்டம் அது. பந்து போகும் வழியில் எதிராளி நின்றால் மட்டையை நிறுத்திவிட்டு நடுவரைப் பார்ப்பதுதான் மரியாதை; அவர் பெரும்பாலும் மறுபடி ஆடச் சொல்வார், கைக்கு வந்த அடி வீணாகும். வெட்டுக்கிளி நிறுத்தி நிறுத்தியே பின்தங்கிக்கொண்டிருந்தாள். இடைவேளையில் பயிற்சியாளர் காதோரம் குனிந்தார்.

"அவ வேணும்னே குறுக்க நிக்கறா. நீ அடிக்க மாட்டேன்னு தெரியும். ஒரு தடவ முதுகுல விடு. அப்புறம் தானா ஒதுங்குவா."

பல்லி மறுபடி குறுக்கே நின்றாள். வெட்டுக்கிளி முதுகைப் பார்த்து ஓங்கி அடித்தாள். பந்து எங்கே என்று பார்க்க அதே நொடியில் பல்லி திரும்பினாள். அந்தச் சின்ன ரப்பர் பந்து கண்குழிக்கு அளவெடுத்துச் செய்தது போலிருக்கும். பல்லி தரையில் சுருண்டு கிடக்க, குறுக்கே நின்றவள்மேல் பட்டால் அடித்தவளுக்கே என்ற விதிப்படி புள்ளி வெட்டுக்கிளிக்குப் போனது.

இறுதியாட்டத்தையும் ஜெயித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனாள்.

"தெரியாமப் பட்டுதா?" என்றாள் பல்லி.

"முதுகுலதான்டி அடிச்சேன்."

பல்லி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "மன்னிப்பு கேட்டு இங்க வராத. போய் ஜெயி. நீ தோத்தா என் கண்ணு போனது தண்டம்."

ஜெயித்தாள். வருஷக்கணக்காக ஜெயித்தாள். அவள் மட்டையை ஓங்கினாலே எதிராளிகள் சுவரோரம் பதுங்கினார்கள். நடுக்களம் முழுக்க அவளுடையதாயிற்று. சாப்பாட்டு மேசையில் மட்டும் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. திறமையால் ஜெயிக்கிறோமா, பயத்தால் ஜெயிக்கிறோமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கடைசியில் ஒரு புதுப்பெண் வந்தாள். பழைய கதை எதுவும் அறியாதவள். ஒதுங்கவே இல்லை. வெட்டுக்கிளி ஒவ்வொரு முறையும் மட்டையை நிறுத்தி நடுவரைப் பார்த்தாள். நிறுத்தி நிறுத்தியே ஆட்டம் கைவிட்டுப் போனது.

கைகுலுக்கும்போது அந்தப் பெண் வெகுளியாகக் கேட்டாள்: "அக்கா, நான் குறுக்கதானே நின்னேன்? நீங்க அடிச்சிருக்கலாமே."

அன்று சாயங்காலம் வெட்டுக்கிளி பல்லிக்குப் போன் செய்தாள். தோற்றுவிட்டேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்வதற்குள் பல்லி முந்திக்கொண்டாள்.

"டிவில பாத்தேன். அந்தப் பொண்ணுக்கு மட்டும் நிறுத்தத் தெரிஞ்சுதே உனக்கு."

அதோடு வைத்துவிட்டாள்.

அதன் பிறகு வெட்டுக்கிளி ஆடிய போட்டிகளிலெல்லாம் முதல் சுற்றைத் தாண்டவில்லை. உனக்கு இனிமேல் துணிச்சல் வராது என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த மாதம் அந்தப் புதுப்பெண்ணுக்குப் பயிற்சி தரப் போய்விட்டார்.