சிப்ஸ் டப்பாவில் ஏறிய மக்ரூன்

போன மழைக்காலத்தில், தூத்துக்குடி விமான நிலையத்தின் உள்ளே இருக்கும் குட்டிக் கடை முன்னால் நின்றபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. அலமாரியில் உயரமான குழாய் டப்பாக்களில் உருளைக்கிழங்கு சிப்ஸ். அட, இதுதானே எனக்கு வேண்டும்!

என் கையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அம்மாவும் நானும் சுட்ட மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த பண்டம். கொஞ்சம் அழுத்தினாலே பொடியாகிவிடும். சென்னையில் ஒரு பலகாரக் கடைக்காரர், ருசி பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு முதல் விமானப் பயணம் வேறு. பாதுகாப்புச் சோதனைத் தட்டில் பெட்டியின்மேல் நானே லேப்டாப் பையை வைத்துத் தொலைத்தேன். பாதி நொறுங்கிவிட்டது. மீதியையாவது காப்பாற்ற வேண்டுமே!

இரண்டு டப்பா வாங்கினேன். அதற்குள் விமானத்தில் ஏற அழைத்துவிட்டார்கள். சிப்ஸை என்ன செய்வது? காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி நீட்டினேன்.

"ஏளா, பிளேன் கெளம்பப் போவுது, இப்பத்தான் உனக்கு விருந்து வைக்கத் தோணுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அள்ளினார். கப்பல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அண்ணனும் கை நீட்டினார். மூன்று பேரும் கறுக் முறுக்கென்று தின்று தீர்த்தோம். நான் மக்ரூனை அடுக்கத் தொடங்கியதும் அந்த அண்ணன் தடுத்தார்.

"இடையில காலி விடாத தங்கச்சி. சரக்கு ஆடுனாத்தான் உடையும்" என்றவர், கடைக்கு ஓடிப்போய் டிஷ்யூ பாக்கெட் வாங்கிவந்து இடுக்கெல்லாம் அடைத்தார்.

சென்னையில் மூடியைத் திறந்தால், ஒன்றுகூட உடையவில்லை! கடைக்காரர் ஒன்றை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னம்மா, மக்ரூன்ல வெங்காய மசாலா வாசம் அடிக்குது?"

அவசரத்தில் டப்பாவின் உட்புறத்தைத் துடைக்கவே மறந்திருந்தேன். நடந்ததைச் சொன்னதும் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆர்டர் மட்டும் தரவில்லை. "டப்பா யோசனை நல்லாருக்கு. வாசம் இல்லாம கொண்டு வா, பாக்கலாம்" என்றார்.

தோற்றுத் திரும்பியதாக எனக்குத் தோன்றவே இல்லை. பெயர்கூடக் கேட்காமல் இருவர் என் கிறுக்குத்தனத்துக்குக் கூட்டுச் சேர்ந்தார்களே, அந்தத் தெம்பு இன்னும் இறங்கவில்லை. உள்ளே எண்ணெய்த்தாள் ஒட்டிய அட்டைக் குழாய் இப்போது தயார். வருகிற திங்கட்கிழமை அதில் மக்ரூன் அடைத்து, வேம்பார் பேருந்தின் கடைசி இருக்கையில் போய்வரப் போகிறேன். அந்தக் குலுக்கலுக்குத் தப்பினால், விமானமென்ன, ராக்கெட்டிலேயே ஏற்றலாம்!