விருந்தாளியாக ஒரு மணி நேரம்

ஐரீனுக்கு ஊர் வம்பு என்றால் உயிர். அதற்கு அவள் சமூகவியல் என்று பெயர் வைத்திருந்தாள், சம்பளமும் வாங்கினாள். ராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளி அம்புரோஸின் மகள். சின்ன வயதில் மாதா கோயிலில் பூசை நடக்கும்போது, எந்தக் குடும்பம் எந்த பெஞ்சில் உட்காருகிறது, ஏன் யாரும் இடம் மாறுவதே இல்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்து, அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவள். அந்தப் பழக்கம் போகவில்லை. டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால், ஒரு பெண் கை காட்டியதுமே பின் சீட்டு ஆள் யாரும் சொல்லாமலே இறங்கி டிரைவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வதை வாயைப் பிளந்து பார்ப்பாள். இதை இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒருநாள் ஒருவரிடம் கேட்டே விட்டாள். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

திருவொற்றியூரில் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. முதலில் அவளும் எல்லாரையும் போல நோட்ஸ்தான் சொல்லி எழுத வைத்தாள். எண்ணூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வரும் பிள்ளைகள். பாதிப் பேர் காமர்ஸ் கிடைக்காமல் இங்கே வந்து விழுந்தவர்கள். ஒரு மத்தியானம் 'சமூக நெறிகள் என்பவை' என்று ஆரம்பித்தவளுக்குத் தன் குரலைக் கேட்டுத் தனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அன்றைக்கு மூடிய நோட்டைப் பிறகு திறக்கவே இல்லை.

அதற்கப்புறம் பாடம் தெருவுக்குப் போனது. பஸ் காலியாக இருக்கும்போது முன்பின் தெரியாதவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், என்ன நடக்கிறது என்று வந்து சொல்லுங்கள் என்பாள். டீக்கடையில் அடுத்தவர் கிளாஸை வெறுமனே கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பாருங்கள் என்பாள். ஒழுங்கு என்று ஒன்று இருப்பதே அதைக் கலைக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும் என்பது அவள் கட்சி. பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போனது. வகுப்பைக் கட் அடித்துவிட்டு பீச்சுக்குப் போகிறவர்கள்கூட, மற்றவன் என்ன கூத்து அடித்தான் என்று கேட்க வந்து உட்கார்ந்தார்கள்.

அப்படித்தான் அந்த வீட்டுப்பாடமும் கொடுத்தாள். உங்கள் வீட்டிலேயே ஒரு மணி நேரம் விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அனுமதி கேளுங்கள், எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்லுங்கள். நேரம் முடியும்வரை காரணம் சொல்லக் கூடாது.

மறுநாள் வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது. ராயபுரத்து டெரிக் எழுந்து நின்றான். "மிஸ், எங்கம்மாகிட்ட 'இங்க உக்காரலாமாம்மா'ன்னு கேட்டேன். 'இன்னாடா, போட்டுகினு வந்துகீறியா? ஊது பாப்போம்'னு மூஞ்சிகிட்ட வந்துடுச்சு. சாப்ட்டு முடிச்சு தேங்க்ஸ்னு சொன்னேன். கரண்டியாலயே ஒண்ணு வுட்டுச்சு மிஸ்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் பெஞ்சு ஓரம் மட்டும் காலியாக இருந்தது. அது ராமசெல்வியின் இடம். ஐரீனையே மடக்கிக் கேள்வி கேட்கிற ஒரே பெண். வராமல் இருக்க மாட்டாளே?

வகுப்பு முடிந்ததும் ராமசெல்வியின் தோழி ரூத் தயங்கித் தயங்கி வந்தாள். "மிஸ், அவளைக் காலேஜ விட்டு நிறுத்தப் போறாங்களாம். ஊர்ல ஏற்கெனவே கேட்டுகிட்டிருந்த மாப்பிள்ளைக்கே முடிச்சிடப் போறாங்களாம். நம்ம ஹோம்வொர்க்காலதான் மிஸ். திடீர்னு மரியாதையா பேசவும், யாரோடயோ ஓடிப் போகத்தான் இப்படி விடைபெறுறான்னு அவங்கம்மா நினைச்சு ஒரே அழுகையாம். அப்புறம் விஷயத்தைச் சொன்னாலும் யாரும் நம்பலையாம்."

ராயபுரத்தில் சிரிப்பாகப் போனது, வயசுப் பெண் இருக்கிற வீட்டில் என்னவாகும் என்று ஐரீன் யோசிக்கவே இல்லை. ஊரையெல்லாம் கவனிக்கிறவளுக்கு இது தோன்றாமல் போனதே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. சாயங்காலமே காலடிப்பேட்டைக்குக் கிளம்பினாள்.

கீழே மொத்த மளிகைக் கடை, மேலே வீடு. ராமசெல்வியின் அப்பா ஆறுமுகநயினார் நாற்காலியைக் காட்டினார், முகம் கொடுக்கவில்லை. அம்மா தங்கபுஷ்பம் கண் வீங்கி நின்றாள். "ஃபேன் போடட்டுமா?" என்று கணவரைக் கேட்டாள். அவர் தலையசைத்த பிறகுதான் சுவிட்சைத் தட்டினாள். "டீச்சருக்குக் குடிக்க கலர் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" அதற்கும் ஒரு தலையசைப்பு. வந்த காரியம் என்ன, இப்போது இதையெல்லாம் பார்க்கிறோமே என்று ஐரீன் தன்னையே கடிந்துகொண்டாள். ஆனால் கண் பார்த்துவிட்டது.

அவள் சொன்ன விளக்கம் எதுவும் எடுபடவில்லை. "பிள்ளையைப் படிக்க அனுப்புனோம் டீச்சர்," என்றார் ஆறுமுகநயினார். "பெத்தவங்ககிட்ட நாடகம் போட இல்ல. எந்தக் காலேஜ்ல இப்படிப் பாடம் எடுக்காங்க?"

உள் அறை வாசலில் ராமசெல்வி தலைகுனிந்து நின்றாள். ஐரீன் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, யாரையும் கேட்காமல் நேரே சமையலறைக்குள் போனாள். ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தாள். அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் தூக்கி, கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள். "புளி கொஞ்சம் தூக்கலா கீதுக்கா," என்றாள்.

தங்கபுஷ்பம் வாசலில் விக்கித்து நின்றாள். "ஏ டீச்சர்! என்ன பண்ணுதிய?"

"தண்ணிதானக்கா குடிச்சேன். தப்பா?"

"தப்பில்ல... ஆனா..." என்று தங்கபுஷ்பம் கணவர் இருந்த பக்கம் பார்த்தாள். ராமசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க பொண்ணு உங்க வீட்ல விருந்தாளியா நடந்துகிட்டா. நான் விருந்தாளி, உங்க வீட்டுப் பொண்ணா நடந்துகிட்டேன். நான் குடுத்த பாடம் இவ்வளவுதான். அவ ஓடவும் இல்ல, எதையும் மறைக்கவும் இல்ல."

தங்கபுஷ்பத்தின் முகம் மெல்ல இளகியது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஐரீனின் வாய் சும்மா இருக்குமா? "அக்கா, மத்த வீட்ல சிரிச்சாங்க, அடிச்சாங்க, திட்டுனாங்க. நீங்க மட்டும் ஏன் அவ்வளவு அழுதீங்க?"

தங்கபுஷ்பம் மூடியை எடுத்துச் சட்டியை மூடினாள். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "ஓடிருவான்னு பயந்தது நெசந்தான். ஆனா அழுகை அதுக்கு இல்ல டீச்சர். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதுசுல நான் இப்படித்தான் கேட்டேன். உக்காரட்டுமா, குடிக்கட்டுமா, எங்கம்மாகிட்டப் பேசட்டுமான்னு. இன்னைக்கும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எம்மவ வாயிலயும் அதே பேச்சு வந்துட்டு. பிறந்த வீட்லயும் இவ இப்படிக் கேக்கணுமா?"

கூடத்தில் ஆறுமுகநயினார் கையில் இருந்த போனைக் கீழே வைத்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. ஐரீனுக்குத் தங்கபுஷ்பத்தை நினைத்து மனசு வலித்தது. கூடத்துக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்: "சார், ராமசெல்வி காலேஜுக்கு வரலாமா?"

ராமசெல்வி அப்பாவைப் பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"திங்கக்கிழமை வருவா," என்றாள் தங்கபுஷ்பம், அவர் வாயைத் திறப்பதற்குள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அவள் கணவரின் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்குள் முன்பின் தெரியாத யாரோ நுழைந்துவிட்டது போல அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு அவர், "பஸ்ல போகச் சொல்லு, ஷேர் ஆட்டோ வேண்டாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை முதல் பெஞ்சு ஓரத்தில் ராமசெல்வி இருந்தாள். வீட்டுப்பாடத்தின் முடிவை அன்றைக்குச் சொல்லாமல் விட்டவர்கள் சொல்லி முடித்தபோது அவளும் எழுந்தாள்.

"மிஸ், நேத்து எங்க வீட்ல அம்மா அப்பாவைக் கேக்காம ஃபேன் போட்டாங்க."

"இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்று டெரிக் கத்தினான். வகுப்பே சிரித்தது. ஐரீன் சிரிக்கவில்லை. "அப்பா என்ன பண்ணாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல மிஸ். ரெண்டு பேரும் உக்காந்து காத்து வாங்குனாங்க."