தீவுக்குப் பின்னால் மூன்று நிமிடம்

சதீஸைப் பற்றி எழுதுவதென்றால் அவன் வாயில் இருந்துதான் தொடங்க வேண்டும். அதாவது, அவனுக்கு வாய் என்று ஒன்று இல்லாததில் இருந்து. கண்டிக் குளத்தில் நாங்கள் இருவரும் எட்டு வருடமாகப் படகு ஓட்டுகிறோம். நான் ஃபாஸில், கெலிஓயாக்காரன். என் படகில் ஏறுகிறவர்களுக்கு இருபது நிமிடத்தில் குளத்தின் கதை, கரையில் இருக்கிற மாளிகையின் கதை, என் மாமியாருடைய முழங்கால் வருத்தம் எல்லாம் இலவசம். சதீஸின் படகில் ஏறுகிறவர்களுக்கு ஒரே ஒரு வசனம்தான் கிடைக்கும். லைஃப் ஜாக்கெட்டின் கிளிப்பைப் போடச் சொல்லி, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு தடவை. அதன் பிறகு பின்னால் போய் என்ஜினோடு உட்கார்ந்துவிடுவான். இருபது நிமிடத்துக்கு ஆள் அங்கே இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது.

அவன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவன். அம்மா பாலம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அப்பா இவனுடைய சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் கோப்பை கழுவினான். அந்தச் சூடு ஒத்துவராமல் திரும்பி வந்தான். லயத்து வாசலில் நின்று பார்த்தால் கீழே இந்தக் குளம் தெரியும். பிறந்ததில் இருந்து பார்த்த தண்ணீர், ஆனால் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. படகு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இறங்கி வந்தான். "நீந்தத் தெரியுமா?" என்று முதலாளி கேட்டார். "தெரியும்" என்றான். எனக்குத் தெரிந்து அவன் சொன்ன முதல் பொய் அது. அதையும் உண்மையாக்குவதற்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் கெட்டம்பைக்குப் போய் மகாவலி ஆற்றில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகினான். ஆறு வாரம். என் கழுத்து வலி போக எட்டு வாரம்.

இனி, வாயில்லாத இவன் எப்படி இந்தக் குளத்திலேயே பேர்போன ஆளானான் என்று சொல்கிறேன்.

என் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகள் றுமைஸாவுக்கு நபீல் என்ற பையனைப் பேசினார்கள். கலியாணத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது இரண்டு பேரும் பேசிப் பார்க்க வேண்டும் என்று நபீல் கேட்டான். சாச்சா முறைப்பான ஆள். "பேசட்டும். ஆனா என்ட கண்ணுக்கு முன்னால பேசட்டும்" என்று சொல்லிவிட்டார். சாச்சாவின் கண்ணுக்கு முன்னால் யார் பேசுவது? நான் இதைப் படகுத்துறையில் புலம்பிக்கொண்டிருந்தபோது சதீஸ்தான் மெல்லச் சொன்னான்.

"ரெண்டு பேரையும் தனிப் படகுல ஏத்திவிடு. பெரியாளுங்க கரையில ஒக்காரட்டும். எல்லாம் தெரியும், ஒண்ணும் கேக்காது."

அப்படியே செய்தோம். சாச்சா குளக்கட்டின் வெள்ளைச் சுவரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சதீஸ் படகை ஓட்டினான். நடுவில் இருக்கிற சின்னத் தீவுக்குப் பின்னால் போனபோது என்ஜின் தற்செயலாக நின்றுவிட்டது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அதுவரை கல்லாக இருந்த பிள்ளைகள் இரண்டும் வாய் திறந்து பேசின. இப்போது அவர்களுக்கு அஹ்னாப் என்று நாலு வயதில் ஒரு வாலு இருக்கிறான்.

பிறகென்ன, காதோடு காதாகச் செய்தி பரவியது. முஸ்லிம் ஆட்கள், தோட்டத்து ஆட்கள், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கண்டியில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று நாலு ஜோடி வரும். தீவுக்குப் பின்னால் போனால் துறையில் இருப்பவர்களுக்குப் படகு தெரியாது. அங்கே சதீஸ் வேண்டுமென்றே என்ஜினை நிறுத்துவான். சரியாக மூன்று நிமிடம். நாலாவது நிமிடம் கரையில் இருக்கிற பெரியவர்கள் சுவரை விட்டு எழும்புவார்கள் என்பது அவன் கண்டுபிடித்த கணக்கு. வேலை என்ன, சீதனம் என்ன என்ற பேச்செல்லாம் மற்றப் பதினேழு நிமிடத்தில் நடக்கும். மனதில் இருப்பது அந்த மூன்று நிமிடத்தில்தான் வரும்.

வந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அதில் சரியான கோபம். எத்தனை தடவை தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டிருப்பேன்! "எனக்கு ஒண்ணும் கேக்கல மச்சான்" என்பான். ஆளையாவது பார்த்தாயா என்றால், "நான் பின்னால இருக்கேன், முதுகுதான் தெரியும்" என்பான். வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், "அந்தக் காது கேக்காத தம்பி இல்லையா?" என்று கேட்பார்கள். அவனுக்கு நிஜமாகவே காது கேட்காது என்று நம்பியவர்களும் உண்டு. என் படகில் ஒரு ஜோடியும் ஏறாது.

ஊரைச் சேர்த்து வைத்தவனுக்கு முப்பத்தி நாலு வயதாகியும் ஒன்றும் அமையவில்லை. நாலு இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு இடத்தில் லயத்து வீடு சரிவராது என்றார்கள். இன்னொரு இடத்தில் படகோட்டுவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்றார்கள். ஜோடிகளை இறக்கிவிட்டு, ஈரமான ஜாக்கெட்டுகளைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, தனியாக ஹந்தானை பஸ்ஸுக்குப் போவான். பார்க்க எனக்கு மனம் கஷ்டமாக இருக்கும்.

போன வருடம் புரோக்கர் ஒரு படம் அனுப்பினார். நிஷாந்தினி, ஹேவாஹெட்டப் பக்கம், கண்டி டவுனில் பார்மசி ஒன்றில் வேலை. அந்தப் படத்தைச் சதீஸ் ஒரே நாளில் எனக்கு மூன்று தடவை காட்டினான், மூன்று தடவையும் முதல் தடவை காட்டுவது போல. அப்போதே விளங்கிவிட்டது. முன்னைய நாலு தடவையும் அம்மாவுக்காகப் போனவன், இந்தத் தடவை தனக்காகவே ஆசைப்படுகிறான்.

பெண் வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் வீட்டில் பார்க்க வேண்டாம், குளத்தில், படகில்தான் பேச வேண்டும் என்று பெண் சொல்கிறாளாம்.

"நீதான் ஓட்டணும்" என்றான் சதீஸ் என்னிடம். "ஆனா ஒண்ணு. வாயத் தொறக்கக் கூடாது."

"இதென்ன கத மச்சான், நான் எப்ப வாயத் தொறந்தன்?" என்றேன். அவன் பார்த்த பார்வையில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. பெண்ணின் அப்பா இராமகிருஷ்ணன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு சுவரில் உட்கார்ந்தார். பக்கத்தில் பாலம்மா குடையோடு. சதீஸ் புது நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், வந்தவன் பழக்கத்தில் நேரே படகின் பின்பக்கம் போய் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"மாப்பிள்ள, அது என்ட இடம்" என்றேன். படகு கிளம்பு முன்னமே என் வாக்கு போய்விட்டது.

முன்னால் போய் உட்கார்ந்தான். பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் சின்னப் பொட்டு, நீளப் பின்னல், நேராகப் பார்க்கிற கண். அவளிடம் சதீஸ் பேசிய முதல் பேச்சு, ஜாக்கெட்டின் கிளிப்பைப் போடுங்கள் என்பது. மூன்று மொழியிலும் சொன்னான். எனக்குத் தலையைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் வைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

பிறகு எட்டு நிமிடம் ஒரு பேச்சும் இல்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. "இடது பக்கம் எடு", "கொஞ்சம் கொறை" என்று இரண்டு தடவை திரும்பி எனக்குச் சொன்னான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் பாலம்மாவின் குடை சின்னதாகிக்கொண்டே போனது. தீவைச் சுற்றினேன். அவன் வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் என்ஜினை நிறுத்தினேன்.

அங்கே பேசியதை எழுதலாமா என்று நிஷாந்தினியிடமே கேட்டேன். "எழுதுங்க நானா, நான் எதையும் மறைக்கிற ஆளில்ல" என்று, அண்ணனைக் கூப்பிடும் எங்கள் சொல்லாலேயே சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

"என்ன ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"போட்டோவுல பாத்திருக்கேன்ங்க."

"அதுக்கு முந்தி. ரெண்டு வருஷத்துக்கு முந்தி இதே படகுல வந்தேன், வேற ஒரு மாப்பிள்ளையோட. நீங்கதான் ஓட்டுனீங்க. இதே எடத்துல என்ஜின நிப்பாட்டுனீங்க."

சதீஸ் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

"அன்னைக்கு அவர்கிட்ட ஒரு விசயம் சொன்னேன். அடுத்த வாரமே ஹேவாஹெட்ட பூரா பேச்சு. அவர்கிட்டயே கேட்டதுக்கு, நான் யாருகிட்டயும் சொல்லல, படகுக்காரன்தான் சொல்லியிருப்பான்னாரு. புரோக்கர் காட்டுன போட்டோவுல ஒங்களப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சிருச்சு. அதான் இங்க வரச் சொன்னேன்." அவன் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். "உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு நான் பேசுனது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், தப்பிவிடலாம். காது கேட்காத தம்பி என்று கண்டியே சாட்சி சொல்லும். கேட்டது என்றால் பெண்ணும் போவாள், இத்தனை வருடப் பேரும் போகும். இல்லை என்று சொல்லடா, சொல்லித் தொலையடா என்று மனதுக்குள் கத்தினேன்.

"கேட்டுச்சுங்க" என்றான் சதீஸ்.

"என்னா கேட்டுச்சு?"

"ஒங்க அண்ணனுக்கு ஒரு கிட்னி குடுத்துட்டதாச் சொன்னீங்க. வீட்டுல மறைக்கச் சொல்றாங்க, எனக்கு மறைக்கப் புடிக்கலன்னு சொன்னீங்க. அவரு ஒண்ணும் பேசல. பொறகு, அந்தக் கெளையில ஒக்காந்திருக்க கறுப்புப் பறவை பேரு என்னான்னு கேட்டீங்க. அதுக்கும் அவரு பேசல." அதே கிளையில் அன்றும் உட்கார்ந்திருந்த பறவையைக் கையால் காட்டினான். "அது நீர்க்காகம்ங்க. சொல்லணும் சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னா, மத்ததும் கேட்டது தெரிஞ்சிரும். அதான் சொல்லல."

எட்டு வருடத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப நான்தான் அதுன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"இல்லீங்க. மொகம் பாக்கல அன்னைக்கு. இப்பக் கொரலக் கேட்டுத்தான் தெரியுது."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

"எப்புடி நம்புறது?"

சதீஸ் ஜாக்கெட்டின் கிளிப்பைப் பார்த்துக்கொண்டு குனிந்துவிட்டான். அவள் முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தாள். மூன்று நிமிடம் முடிந்து நாலாவது ஓடிக்கொண்டிருந்தது. கரையில் எல்லோரும் எழும்பியிருப்பார்கள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாக்காவது ஒன்றாவது!

"தங்கச்சி, நான் ஒன்டு செல்லட்டா?" என்றேன். "இவன் யாருக்காச்சும் சென்னா எனக்குத்தான் செல்லுவான். வேற கூட்டாளி இவனுக்கு இல்ல. எனக்கிட்ட சென்னா, அஸர் தொழுகைக்கு முந்தி கெலிஓயா டவுனுக்கே தெரிஞ்சீக்கும். என்ட வாயப் பத்தி யாருக்கிட்ட வேணும்டாலும் கேளுங்க. எனக்கு ஒங்கட கிட்னி கத இந்த நிமிசம்தான் தெரியும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், கிளையில் இருந்த நீர்க்காகம் பறந்துபோனது. சதீஸும் சிரித்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ஜினைப் போட்டேன்.

தீவைத் தாண்டி வெளியே வந்தபோது கரையில் பெரியவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். துறையில் இறங்கியதும் பாலம்மா என் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார்.

"தம்பி, அந்தப் புள்ள என்னா பேசுச்சு? என்ஜின் வேற நின்னுருச்சே!"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். "ஒன்டும் கேக்கல்லம்மா" என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் பட்ட பெரிய கஷ்டம் அதுதான்.

வீணாகத்தான் பட்டேன். நிஷாந்தினி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே எங்களிடம் வந்தாள். அவள் அப்பா பின்னால் இருந்து, "நிஷா, சும்மா இரு" என்றார். அவள் கேட்கவில்லை.

"அம்மா, எனக்கு ஒரு கிட்னிதான் இருக்கு. இன்னொன்ன எங்க அண்ணனுக்குக் குடுத்துட்டேன். ஒங்க மகனுக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியணும்."

இராமகிருஷ்ணன் தலையைத் தொங்கப்போட்டார். சதீஸ் படகைக் கட்டுகிற கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றான். பாலம்மா அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். மகனை ஒரு தடவை பார்த்தார்.

"ரெண்டு வச்சிருந்தவளுக நாலு பேரு இவன வேணாம்னுட்டாளுக" என்றார். "அவளுக ரெண்ட வச்சு என்னா செஞ்சாளுக?"

பிறகு குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.

"மொதல்ல அந்த ஜாக்கெட்டக் கழட்டு கண்ணு. வேர்க்குது பாரு ஒனக்கு."