திருகை அரைச் சுற்று தளர்த்தினேன்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டும் இடங்களைக் கூட்டமாட்டேன், மற்றதைக் குறைக்கவும் மாட்டேன்.

வார்னிஷ் வாசனை... சத்தியமங்கலத்தில் இருந்த அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடைக்குள் நுழைந்தால் முதலில் வருவது அதுதான். மேசைமேல் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி கிடக்கும். செம்புக் கம்பியைச் சுரண்ட, கம்பிச்சுருளைக் கட்டியிருக்கும் கட்டு நூலை அறுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

நான் ஒன்பதாவது படித்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் கடையைத் திறந்தார். அம்மா கூடவே போய்க் கம்பி பிடித்தார், கத்தியையும் விரித்துக் கொடுத்தார்.

அதைப் பார்த்த ஒரு விவசாயி சிரித்துக்கொண்டே, "ஏனுங்க மெக்கானிக்கு, கத்தி தொறக்கவே ஆளு வேணுமுங்களா? என்ற மோட்டார எப்பிடீங்க தொறப்பீங்க?" என்றாராம். அப்பாவும் சிரித்தாராம். ஆனால் அன்று வீட்டில் சாப்பாட்டைத் தொடவில்லை.

நான் வீடியோக்களைப் பார்த்து, ஒரு கையால் கத்தி திறக்கும் வழிகளை நோட்டில் எழுதினேன். அலகில் செல்லோடேப் சுற்றிப் பழகினோம். கட்டைவிரலால் அலகைப் பக்கவாட்டில் தள்ளுவது... வழுக்கியது. அலகின் முதுகை பெல்ட் ஓரத்தில் மாட்டி இழுப்பது...

"பெல்ட்டுக்கு எங்க போறது அம்மணி? அருணாக்கயித்துல மாட்டட்டுமா?" என்றார் லுங்கி கட்டியிருந்த அப்பா.

கடைசி வழி, அலகை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக் கைப்பிடியைக் கீழே உதறுவது. ஐந்து நாள் உதறினார். கத்தி அசையவில்லை.

"உட்ரு கண்ணு. இந்தக் கையிக்கு இனி வராது."

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. பாதி அவருக்காக. மீதி, நான் சொல்லிக்கொடுத்தது தோற்றுப்போகிறதே என்பதற்காக. அவர் குளிக்கப் போனபோது கத்தியின் திருகை அரைச் சுற்று தளர்த்தினேன்.

அந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது. அலகைப் பிடித்து நிறுத்துவதே அந்தத் திருகின் இறுக்கம்தான். நான் அதை யோசிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் ஒரே உதறலில் கத்தி திறந்தது!

"கை வந்துருச்சுங்கப்பா!" என்று நான் கை தட்டினேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு மூன்று முறை திறந்து காட்டினார்.

மறுநாள் அதே விவசாயி ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மோட்டாரைத் திரும்ப வாங்க வந்தார். அவர் கண்ணெதிரே அப்பா கத்தியை உதறித் திறந்தார். "அட, பரவால்லீங்களே!" என்றாராம் அவர். அடுத்த நிமிடம், கத்தி நுனியைக் கட்டு நூலுக்குள் நுழைத்து நெம்பியபோது அலகு மடங்கி அப்பாவின் விரல்கள்மேல் விழுந்தது.

ஆள்காட்டி விரலில் நரம்பு அறுந்துவிட்டது. தையல் போட்டும் அந்த விரல் மடங்கவில்லை. "என்ற கவனக்கொறவு" என்றே எல்லோரிடமும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கடை பூட்டியே கிடந்தது.

இப்போது பதினொன்றாவது படிக்கிறேன். இன்றைக்குத்தான் கடையைக் காலி செய்தோம். சாமான்களை வண்டியில் ஏற்றியபின் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா... அந்தத் திருக நாந்தான் லூசு பண்ணுனனுங்க."

"தெரியும் கண்ணு. கையில எடுத்ததுமே தெரிஞ்சுது. இத்தன வருசமா திருகோடயே கெடக்கறேன், அது தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்கப்பா இறுக்கல?"

"இறுக்கிப்போட்டா தொறக்க வராதே. அந்தாளு முன்னால ஒருக்கா தொறந்து காட்டோணும்னு இருந்துச்சு."



முன்பெல்லாம் வீட்டில் எதை அறுக்க வேண்டுமானாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவோம். இப்போது மாத்திரை அட்டையைப் பிரிக்க அவர் எங்களைக் கூப்பிடுகிறார்... அதுவும் இரண்டு முறை தயங்கிவிட்டு.

"ஏனுங்க, போலாமுங்களா?" என்று வாசலில் இருந்து அம்மா கேட்டார்.

அப்பா முழங்கையால் சுவிட்சை அழுத்தினார். விளக்குகள் அணைந்தன.