ஃபில்டரில் வைத்த சிவப்புப் பொட்டு

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே ஒரு கார்ப் பட்டறை இருக்கிறது. பல வருடங்களாக அங்கேதான் என் காருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். சாவியைக் கொடுத்ததும் அங்கிருப்பவர், "போஸ், எதுத்தாப்புல போயி ஒரு தே தாரிக் அடிச்சிட்டு வாங்க, முடிச்சு வைக்கிறேன்" என்பார். நானும் போவேன். நுரை பொங்க ஆற்றிய அந்தப் பால் தேநீரோடு ஒரு ரொட்டி சானாயும் உள்ளே போகும். திரும்பி வரும்போது முன்கண்ணாடியில் அடுத்த தேதி எழுதிய புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கர் மாறியிருந்தால் எண்ணெயும் மாறியிருக்கும் என்று நம்பியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவள் என் அக்கா.

அக்கா கிள்ளானில் இருக்கிறாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணி, எதுவும் உள்ளே தங்கவில்லை என்று சொல்வது அவள் வேலை. அவள் தலையாட்டாமல் எந்தப் பெரிய டாக்டரும் ஊசியைத் தொட முடியாது. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால், குடும்பத்தில் எங்களையெல்லாம் சரிபார்க்கத் தொடங்கினாள்.

ஒருமுறை எண்ணெய் மாற்றிய சில நாட்களில் அவளைக் கோயிலுக்கு அழைத்துப்போகக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். பட்டுப்புடவையோடு வாசலில் நின்றவள் காரில் ஏறாமல், "போனட்ட தொற" என்றாள். கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்திருக்கிறாள் என்று புரிந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, டிஷ்யூ தாளில் துடைத்து, அந்தத் தாளை என் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"இது புது எண்ணெயாடா? கோப்பி ஓ மாதிரி கருப்பா இருக்கு."

"மாத்துனாங்க அக்கா. ஸ்டிக்கர் இருக்கு பாரு."

"நீ பாத்தியா மாத்துனத?"

"நான் தே குடிக்கப் போயிட்டேன்."

ஆப்பரேஷன் நடக்கும்போது தூங்கிவிட்ட டாக்டரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "இனிமே நான் இல்லாம இந்தக் காடி எந்தப் போமன்கிட்டயும் போகக் கூடாது" என்றாள். எங்கள் ஊரில் காரைக் காடி என்றும் மெக்கானிக்கைப் போமன் என்றும்தான் சொல்வோம்.

புதுப் பட்டறையையும் அவளே தேர்ந்தெடுத்தாள். அது சுங்கை வேயில் இருந்தது. உள் அறை எதுவும் இல்லாமல் முழுதும் திறந்து கிடப்பதுதான் அதன் சிறப்பு. "மறைக்க எடமில்ல, பாத்தியா" என்றாள். ஆக, எண்ணெய் மாற்ற வேண்டிய நாளில் நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை போய் அக்காவை ஏற்றிக்கொண்டு, வந்த வழியிலேயே பாதி தூரம் திரும்பி வர வேண்டும்.

அன்று காலை அவள் வீட்டு வாசலில் கார் நின்றதுமே மறுபடியும் போனட். கையில் சிவப்பு நகச்சாயப் புட்டி. வேலையில் இருந்தவரை நகத்தில் சாயம் கூடாது என்பதால், ஓய்வு பெற்ற மறுநாளே அந்தச் சிவப்பை வாங்கினாள். ஆனால் இப்போது அது நகத்துக்காக எடுத்து வந்தது அல்ல.

"பழைய ஃபில்டர்ல ஒரு பொட்டு வச்சிருவோம். மாத்திட்டேன்னு பொய் சொன்னான்னா, பொட்டு காட்டிக் குடுத்துரும்" என்றாள். கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்தாள், என் காரின் உள்ளே பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்தில் இருந்தது வேறு ஏதோ கார். என் காரின் முன்பக்கத்தில் உருண்டையாக, டப்பா மாதிரி ஒன்று தெரிந்தது. "இதான்" என்று அழகாக ஒரு பொட்டு வைத்து, காயும்வரை ஊதினாள். எனக்கும் ஃபில்டர் எங்கே இருக்கும் என்று தெரியாது. தலையாட்டினேன்.

சுங்கை வே போமனுக்கு ஐம்பது வயதாவது இருக்கும். மீசை நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்து, "ஆன்டி, ஏர்கான் போட்ட கடை பக்கத்துல இருக்கு, போயி ஒக்காருங்க" என்றார்.

"நான் ஏர்கான்ல ஒக்கார வரல. உங்களுக்கு என்ன வயசு?"

"எதுக்கு ஆன்டி?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் வேலை செய்யும் இடத்துக்கு எதிரில் கைகட்டி நின்றாள்.

எண்ணெய்ப் போத்தலின் சீலை உடைப்பதற்கு முன்னால் காட்டச் சொன்னாள். காட்டினார். பெயரைச் சத்தமாகப் படித்தாள். கார் லிஃப்டில் ஏறியது. அடியில் இருந்த நட்டைக் கழற்றியதும் பழைய எண்ணெய் கருப்பாக இறங்கியது. "முழுசா வடியட்டும், அவசரம் வேணாம்" என்றாள். நட்டைத் திரும்ப மாட்டும்போது, "புது வாஷர்தானே?" என்று கேட்டாள். அவர் பழைய வாஷரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு அவர் எதையோ பிடித்தபடி மற்றொரு கையால் பின்னால் துழாவினார். அக்கா யோசிக்கவே இல்லை. பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்து, பிடி அவர் பக்கம் வரும்படி, உள்ளங்கையில் பட்டென்று வைத்தாள். போமன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். "தேங்க்ஸ் ஆன்டி" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கக் கேட்க இவள் எடுத்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் அண்ணனிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. "நீ பாத்துக்க" என்று என்னைக் காவல் வைத்துவிட்டுத் தெருப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது போமன் காரை இறக்கி, எண்ணெயும் ஊற்றி முடித்திருந்தார்.

"ஃபில்டர மாத்துனாரா?"

"என்னமோ ஒண்ணக் கழட்டுனாரு, என்னமோ ஒண்ணப் போட்டாரு."

"என்னமோவா?"

குனிந்து பார்த்தாள். சிவப்புப் பொட்டு அப்படியே பளபளவென்று இருந்தது.

"மாத்தவே இல்ல!" அக்காவின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "நான் வச்ச பொட்டு இங்கதான் இருக்கு. எங்கள என்ன ஏமாளின்னு நெனச்சீங்களா?"

போமன் குப்பைத்தொட்டியிலிருந்து எண்ணெய் சொட்டும் பழைய ஃபில்டரை எடுத்துக் காட்டினார். "இது யாரு காடியோடதோ" என்றாள் அக்கா. அவர் பொறுமையாக வந்து, அவள் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆன்டி, இது ஏர்கான் கேஸ் போற டப்பா லா. எண்ணெய் ஃபில்டர் அடியில இருக்கு. நீங்க பொட்டு வச்சது ஏர்கானுக்கு."

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அக்கா என் பக்கம் திரும்பியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

எஞ்சினைப் போட்டு நிறுத்தச் சொன்னாள். எண்ணெய் கீழே இறங்கக் காத்திருந்தாள். கம்பியை உருவித் துடைத்தாள், மறுபடி விட்டாள், எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். பிறகு போமனிடம் அதை நீட்டினாள்.

"மேல் கோட்டத் தாண்டி நிக்குதே, இது என்ன?"

போமன் சிரிப்பதை நிறுத்தினார். கம்பியை வாங்கி, தானும் ஒருமுறை துடைத்து விட்டுப் பார்த்தார். காலிப் போத்தலை எடுத்துக் குலுக்கினார். "அடடே, முழுப் போத்தலையும் கவுத்துட்டேன். இந்தக் காடிக்கு அவ்ளோ வேணாம். போன் பேசிக்கிட்டே ஊத்துனேன், அதான்" என்று தலையைச் சொறிந்தார்.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. "மருந்து கூடப் போனாலும் தப்புதான், கொறஞ்சாலும் தப்புதான்" என்று மட்டும் சொன்னாள். கார் மறுபடி லிஃப்டில் ஏறியது. அவர் கொஞ்சம் எண்ணெயை வடித்து எடுக்க, அவள் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியாகக் கம்பி இரண்டு கோட்டுக்கும் நடுவில் காட்டியதும், போமன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகே அவர் போனட்டை மூடினார்.

திரும்பும்போது ஃபெடரல் நெடுஞ்சாலையில், "நல்ல மனுசன். கவனந்தான் பத்தல" என்றாள். போமனையா, என்னையா, யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

கிள்ளானில் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், "உடனே போயிராத. ஒழுகுதான்னு பாக்கணும்" என்று பழைய நாளிதழை எஞ்சினுக்கு அடியில் விரித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து, இரண்டு பேரும் குந்திக் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலியோரம் வந்து என்ன தொலைந்துவிட்டது என்று மலாயில் கேட்டார். எஞ்சின் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கிறோம் என்றாள் அக்கா. உடனே அவரும் கேட்டைத் திறந்து வந்து எங்கள் பக்கத்தில் குனிந்துகொண்டார்.

தாளில் ஒரு சொட்டுகூட இல்லை. அந்த அம்மா நிமிர்ந்து, தன் கணவரின் காருக்கும் எண்ணெய் மாற்றும் நாள் வந்துவிட்டது, அவர் எதையும் கவனிப்பதே இல்லை, நீங்கள் கூட வர முடியுமா என்று கேட்டார். அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். புதன்கிழமை காலை தோதாக இருக்கும் என்றாள். இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்கள். எனக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டு, பம்பரைப் பிடித்து மெல்ல எழ வேண்டியிருந்தது.