தயிர்சாதத்தில் வைத்த கேப்சூல்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு மருந்துக் கம்பெனியில் மெடிக்கல் ரெப்பாக இருந்தேன். மே மாத வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு பரவைக்கும் நாகமலை புதுக்கோட்டைக்கும் ஸ்கூட்டரில் அலைகிறவனுக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் அந்த டையை எப்போதோ கழற்றி எறிந்திருப்பான். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. டாக்டர்களுக்கே மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறவன் என்று கல்யாண வீடுகளில் பெருமை அடித்துக்கொள்வேன். டாக்டர்களோ என்னை மூன்று நிமிடம் பேசவிட்டு, கம்பெனிப் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டு நாய் என் மனைவியின் நாய். ரேஷன் கடையிலிருந்து அவள் பின்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்தது. ஒரே வாரத்தில் சமையலறை வரை முன்னேறிவிட்டது. குழந்தை இல்லாத வீடு. மாதத்தில் பாதி நாள் நான் டூரில் இருப்பேன். அவள் வாய்விட்டுப் பேசுவதெல்லாம் அதனிடம்தான். எங்களுடையது முட்டைகூட நுழையாத சைவ வீடு என்பதால் நாயும் சைவமாகிவிட்டது. இரண்டு வேளையும் தயிர்சாதம். தெருவில் மற்ற நாய்கள் எலும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது, தனக்கு மாவடு வைக்கவில்லை என்கிற ஒரே குறையோடு இது படுத்திருக்கும்.

அந்தக் கோடையில் ஒரு நாள் அது பாதிச் சோற்றிலேயே எழுந்து போய்விட்டது. மறுநாள் நடக்கும்போது பின்னங்கால்கள் தள்ளாடின. ஈறு வெளுத்திருந்தது. உடம்பு கொதித்தது. நான் சாம்பிள் பையைத் திறந்தேன். என் பையில் இல்லாத மருந்தா?

“மனுசங்க மாத்திரையெல்லாம் அதுக்குக் குடுக்காதீங்க. வாயில்லாச் சீவன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். பையை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் அவனியாபுரத்துக்காரர் ஒருவர் தன் ஜல்லிக்கட்டு மாட்டோடு நின்றார். மாட்டுக்குக் காலில் புண். டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் திரும்பச் சொன்னார். “நாளைக்கும் நாளன்னிக்கும் ஊசி. காலுல தண்ணி படக்கூடாது. புண்ணு ஆறிருச்சேன்னு வராம இருந்துறக்கூடாது. சரிதானுங்களா?” சரி என்று டாக்டர் சொன்ன பிறகும் இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கைக்கடிகாரத்தை அவருக்குத் தெரிகிற மாதிரி பார்த்தேன்.

டாக்டர் நாயை எடை போட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்ணி கடித்து வந்த காய்ச்சல் என்றார். சீட்டில் ஒரு ஆன்டிபயாடிக் கேப்சூலை எழுதினார்.

“காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. மூணு வாரம். நல்லாயிருச்சுன்னு நடுவுல நிப்பாட்டிராதீங்க. வெறும் வயித்துல வேணாம், சாப்பாட்டோட குடுங்க. ஆனா...”

“தெரியும் சார். நான் ரெப்பு. இதே மருந்து எங்க கம்பெனியிலயும் இருக்கு.”

அவர் என் டையைப் பார்த்தார். “அப்ப நல்லதாப் போச்சு” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசை வாசல் வரை நின்றது. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆட்டோவில் வரும்போதே அவள் கேட்டாள். “ஆனான்னு ஏதோ சொல்ல வந்தாரே?”

“எல்லாம் எனக்குத் தெரியும். சோத்துல உருண்டை பிடிச்சு நடுவுல வச்சுக் குடு.”

அவளும் அப்படியே செய்தாள். கெட்டித் தயிர் விட்டுக் குழையப் பிசைந்த சாதம், எலுமிச்சம்பழம் அளவு உருண்டை, நடுவில் கேப்சூல். அரைகுறைப் பசியிலும் நாய் அதை அப்படியே விழுங்கியது. பக்கத்து வீட்டில் பூனைக்கு மாத்திரை கொடுக்கக் கறிக்கடைக்கு ஓடுவார்கள். நமக்குத் தயிரே போதும் என்று எனக்கு உள்ளூர ஒரு பூரிப்பு.

ஐந்து நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் காலையில் நாயால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அவள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னும் எம்புட்டு நாளாகும்ங்க?” என்று கேட்டாள். நாய் பிழைக்காது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது என்பது குரலில் தெரிந்தது. “ஆன்டிபயாடிக்னா டைம் எடுக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு டையைக் கட்டிக்கொண்டு பரவைக்குக் கிளம்பிவிட்டேன். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய பிறகு பயந்ததாகக் காட்டிக்கொள்ள முடியுமா?

பரவையில் ஒரு டாக்டரின் முன்னால் கம்பெனி கொடுத்த வண்ணப் படப் புத்தகத்தை விரித்து வழக்கம்போல ஒப்பிக்க ஆரம்பித்தேன். தினமும் ஏழெட்டுத் தடவை சொல்வது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். “சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணியோட எடுத்துக்கணும் சார். பால், தயிரோட சேர்த்துக் குடுத்தா மருந்து சரியா உடம்புல சேராது...”

அங்கே நின்றுவிட்டேன்.

“என்ன தம்பி, மேல சொல்லுங்க.”

“மேல ஒண்ணும் இல்ல சார்” என்றேன். அன்றைக்கு அவருக்குப் பேனாகூடக் கொடுக்கவில்லை.

இந்த ஐந்து நாளும் ஊரெல்லாம் போய் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். அது என் வாயிலிருந்து என் காதுக்கு வந்து சேர ஐந்து நாள் ஆகியிருக்கிறது. ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே, “நான்தானே பிசைஞ்சு குடுத்தேன்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. செய்தது முழுக்க நான், குற்றம் அவள் கையில் ஒட்டிக்கொண்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மறுபடியும் ஆஸ்பத்திரி. மாட்டைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அவனியாபுரத்துக்காரர் எங்கள் நாயைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். புண் ஆறி, மாடு ஜம்மென்று நின்றது.

“எதுல வச்சுக் குடுத்தீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“தயிர்சாதத்துல சார்.”

“தயிரா?” என்று டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏண்ணே, அன்னைக்கு டாக்டர் சொல்லலையா?” என்றார் மாட்டுக்காரர்.

“சொல்ல வந்தாரு. நான் விடல” என்றேன்.

டாக்டர் நாய்க்கு டிரிப் ஏற்றினார். இன்றைக்குத்தான் முதல் நாள், மூன்று வாரத்தைத் திரும்ப எண்ணுங்கள் என்றார். இனி எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி முடித்ததும், கழுத்தில் டையோடு நான் ஒப்பித்தேன். “இட்லித் துண்டுல வச்சுக் குடுக்கணும். தொண்டையில ஒட்டாம இருக்கப் பின்னாலயே தண்ணி. மூணு வாரத்துக்குப் பால், தயிர் கூடாது. வாந்தி எடுத்தா உடனே வரணும்.”

“மோர விட்டுட்டீங்கண்ணே” என்றார் மாட்டுக்காரர்.

“மோரும் கூடாது” என்றேன்.

நான்காம் நாள் காலையில் நாய் இட்லியை மட்டும் தின்றுவிட்டு, கேப்சூலைத் தனியாகத் தரையில் துப்பியது. இப்படிப் பிரித்துத் துப்பத் தெம்பு வந்துவிட்டதே என்று அவள் அழுதாள். அன்றிலிருந்து வாயைத் திறந்து, அடிநாக்கில் கேப்சூலை வைத்து, வாயை மூடிப் பிடித்துத் தொண்டையைத் தடவிக்கொடுக்கப் பழகிக்கொண்டாள். நானும் ஒரு தடவை முயன்று விரலில் கடி வாங்கினேன். கடித்ததில் நியாயம் இருந்தது.

மூன்று வாரம் முடிந்த மறுநாள் மத்தியானம் அவள் தயிர்சாதம் பிசைந்து ஓர் உருண்டை பிடித்தாள். நாய் எதிரே உட்கார்ந்து வாலால் தரையைப் பெருக்கியது. நீட்டின கையைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“குடுக்கலாமாங்க?”

இவ்வளவுக்குப் பிறகும் என்னைத்தான் கேட்டாள். கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்தத் ‘தெரியும்’ தொண்டை வரை வந்துவிட்டது.

“இரு, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்” என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, உருண்டையைத் தட்டில் வைத்து மூடினாள். திங்கட்கிழமை வரை நாய் இட்லிதான் தின்றது. நானும்தான்.